டிரைவ் 'டவுன்' என்று காட்டினால் டிரைவ்தான் பழுதா?

கேள்வி கேட்ட நண்பருக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலையின் பேக்கப்பைக் கவனிக்கிறீர்கள். லினக்ஸ் சர்வர், நெட்பேக்கப் என்ற பேக்கப் மென்பொருள், இரண்டு எல்டிஓ-7 (எல்டிஓ வகை டேப்பின் 7-ம் தலைமுறை) டிரைவ் உள்ள ஒரு டேப் லைப்ரரி (ரோபாட் கையே டேப்களை எடுத்துப் போடும் பெட்டி), சர்வரையும் அதையும் இணைக்க நடுவில் ஃபைபர் ஸ்விட்ச். சர்வரின் ஃபைபர் கார்டை மாற்றி ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து, காலையில் வந்து பார்த்தால் டிரைவ் 'டவுன்' என்று நிற்கிறது. சில நாள் ஒன்று, சில நாள் இரண்டும். 'அப்' கொடுத்தால் பகல் முழுக்க ஒன்றும் ஆவதில்லை, இரவு வேலை ஓடியதும் பழையபடி ஆகிவிடுகிறது. நடுவில் ஒருநாள், கரண்ட் போய் வந்த பிறகு, 'ஏவிஆர்' என்று காட்டியது. சர்வீஸுக்கு வந்தவர் "டிரைவ் போயி சாரே, மாற்றணம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற்றலாமா என்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. டிரைவ் கெட்டுவிட்டது என்று சொன்னது யார், எதை வைத்துச் சொன்னார்? திரையில் 'கன்ட்ரோல்' என்ற பத்தியில் வருவது பேக்கப் மென்பொருள் எடுத்த முடிவு. டிரைவ் தன் உடல்நிலையைப் பற்றிக் கொடுத்த அறிக்கை வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் இன்னும் படிக்கவில்லை என்றுதான் உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. பாலக்காட்டிலும் கோவையிலும் ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் டேப் லைப்ரரி பராமரிப்பதுதான் பல வருடமாக என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இப்போதைக்கு டிரைவுக்கு ஆர்டர் போடாதீர்கள்.

ஒரு டேப்பில் எழுத மூன்று தரப்பு ஒத்துப்போக வேண்டும். ரோபாட் கை கார்ட்ரிட்ஜை எடுத்துச் சரியான டிரைவில் போட வேண்டும். இயங்குதளம் அந்த டிரைவைச் சரியான பெயரில் பார்க்க வேண்டும். பேக்கப் மென்பொருள் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். இதில் எங்கே பிடி விட்டாலும், திரையில் பழி விழுவது டிரைவ் மேல்தான்.

அந்தப் பத்தியில் வரும் சொற்களைப் பிரித்துப் படியுங்கள். 'டிஎல்டி' என்பது இந்த வகை ரோபாட்டுக்கு நெட்பேக்கப் வைத்த பெயர். அது மட்டும் இருந்தால் டிரைவ் ரோபாட்டின் கட்டுப்பாட்டில் ஒழுங்காக இருக்கிறது. 'டவுன்-டிஎல்டி' என்றால் மென்பொருள் அந்த டிரைவை ஒதுக்கி வைத்துவிட்டது, அல்லது யாரோ கையால் ஒதுக்கியிருக்கிறார்கள். 'பெண்ட்-டிஎல்டி' என்றால் பெரும்பாலும் வேறொரு சர்வர் அந்த டிரைவைத் தன் பேரில் பிடித்து வைத்திருக்கிறது. 'ஏவிஆர்' வந்தால் டிரைவ் மேலேதான் இருக்கிறது, ரோபாட்டுடன்தான் தொடர்பு அறுந்திருக்கிறது. அப்போது மென்பொருள், யாராவது கையால் டேப் போடுவார்கள் என்று காத்திருக்கும். அதனால் உங்களுக்கு ஏவிஆர் வந்த அந்த ஒரு நாளுக்கு டிரைவ் காரணமில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த நாளில் என்ன நடந்திருக்கும் என்பதையும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. கரண்ட் போய் வந்தால் சர்வர் சீக்கிரம் எழுந்துவிடும். லைப்ரரி அப்படியில்லை. கையை நகர்த்திப் பார்த்து, ஒவ்வொரு ஸ்லாட்டின் பார்கோடையும் படித்து முடிக்கப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் சர்வர் ஃபைபர் வழியே சாதனங்களைத் தேடி முடித்திருந்தால் ரோபாட் அதன் கண்ணில் பட்டிருக்காது. ரோபாட் இல்லை என்றால் ஏவிஆர்தான். இங்கே மழைக்காலத்தில் கரண்ட் எப்படிப் போய் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் லைப்ரரி முழுதாக எழுந்து 'ரெடி' என்று காட்டிய பிறகே சர்வரை ஏற்றுவது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏற்றிவிட்டால், இயங்குதளத்தில் சாதனங்களை மறுபடி தேடச் செய்து, ரோபாட்டும் டிரைவுகளும் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகு நெட்பேக்கப்பின் சாதன மேலாளரான எல்டிஐடியை நிறுத்தித் தொடங்கினால் போதும்.

இனி இரவில் டவுன் ஆகும் விஷயம். நெட்பேக்கப் ஒரே பிழைக்கு டிரைவை ஒதுக்குவதில்லை. யாரும் அமைப்பை மாற்றாவிட்டால், 12 மணி நேரத்துக்குள் ஒரு டிரைவில் 2 பிழை வரை பொறுத்துக்கொள்ளும், 3-வது வந்ததும் டவுன் ஆக்கிவிடும். டேப்புக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அதை 'ஃப்ரோஸன்' என்று குறித்து எழுதாமல் வைத்துவிடும். பகலில் வேலை ஓடாததால் பிழை சேர்வதில்லை, இரவில் மூன்று சேர்ந்துவிடுகிறது. காலையில் நீங்கள் 'அப்' கொடுக்கும்போது கொடி மட்டும்தான் மாறுகிறது, காரணம் அங்கேயேதான் இருக்கிறது. அப் கொடுத்துக் கொடுத்தே மாதங்களை ஓட்டும் இடங்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைப் பழக்கமாக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நல்ல டேப்கள் உறைந்து போகும், கடைசியில் ஒருநாள் எழுத டேப்பே இல்லை என்று 96-ம் எண் பிழை வந்து நிற்கும்.

அந்த மூன்று பிழைகள் என்னென்ன என்று நெட்பேக்கப் எழுதி வைத்திருக்கிறது. மீடியா சர்வரில், அதாவது டேப்பில் எழுதும் சர்வரில், நெட்பேக்கப் கோப்பகத்துக்குள் 'டிபி', அதற்குள் 'மீடியா', அதற்குள் 'எர்ரர்ஸ்' என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கும். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், டேப்பின் எண், டிரைவின் எண், பிழையின் வகை, டிரைவின் பெயர் என்று வரிசையாக இருக்கும். இந்த ஒரு கோப்பை இருபது நிமிடம் உட்கார்ந்து படித்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். ஒரே டேப் எண் இரண்டு டிரைவிலும் பிழை கொடுத்திருந்தால் டேப்பைச் சந்தேகியுங்கள். ஒரே டிரைவில் வேறு வேறு டேப்கள் எழுதும்போது அடிபட்டிருந்தால் டிரைவை அல்லது அதன் கேபிளைச் சந்தேகிக்கலாம். எல்லா டேப்பும், இரண்டு டிரைவும், ஒரே நேரத்தில் என்று இருந்தால் அது டிரைவுக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்று.

பிழையின் வகையும் முக்கியம். எழுதும்போது வரும் 84 என்ற எண்ணுக்குக் காரணம் டேப், டிரைவுக்குள் எழுதிப் படிக்கும் தலை, கேபிள் எதுவாகவும் இருக்கலாம். 86 என்பது டேப்பில் இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்பது. நடுவில் வேறு யாரோ அந்த டேப்பைச் சுற்றிவிட்டால் அப்படி வரும், ஃபைபர் பாதையில் ஒரு ரீசெட் வந்தாலும் வரும். 52 என்றால் டேப் ஏறும் என்று காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது. கார்டை மாற்றிய பிறகு தொடங்கிய தொல்லை என்பதால், உங்கள் லாகில் நான் முதலில் தேடுவது 52-ஐயும், 'டிரைவில் தவறான டேப் இருக்கிறது, எதிர்பார்த்தது இது, இருந்தது அது' என்ற பொருளில் வரும் வரியையும்தான்.

ஏன் என்று சொல்கிறேன். லினக்ஸ் டேப் டிரைவுகளுக்குக் கண்ட வரிசையில் பெயர் வைக்கிறது. முதலில் தென்படுவது என்எஸ்டி0, அடுத்தது என்எஸ்டி1. கார்டு மாறினால், ஸ்விட்சில் போர்ட் மாறினால், ஏன், ஒரு டிரைவ் கொஞ்சம் தாமதமாக எழுந்தால்கூட இந்த வரிசை புரண்டுவிடலாம். மென்பொருளின் குறிப்பில் 'ரோபாட்டின் முதல் டிரைவ்தான் என்எஸ்டி0' என்று இருக்கும். உண்மையில் இப்போது என்எஸ்டி0 இரண்டாவது டிரைவ். ரோபாட் முதல் டிரைவில் டேப்பைப் போடும், மென்பொருள் இரண்டாவதின் வாசலில் காத்திருக்கும். அங்கே டேப் வராது, நேரம் முடியும், 52. அந்த இரண்டாவதில் அதே நேரம் வேறு வேலைக்கான டேப் இருந்துவிட்டால், லேபிளைப் படித்து 'இது என் டேப் இல்லை' என்று நல்ல டேப்பை உறைய வைக்கும். டிரைவ் இரண்டும் கல்லுப்போல நன்றாக இருக்கும்போதே இத்தனையும் நடக்கும். லினக்ஸிலும் விண்டோஸிலும் நெட்பேக்கப் தொடங்கும்போது சீரியல் எண்ணை ஒப்பிட்டு, பாதையை (எந்த டிரைவுக்கு எந்தப் பெயர் என்பதை) தானே திருத்திக்கொள்ளும் ஒரு வசதி உண்டு, இயல்பாகவே அது இயக்கத்தில் இருக்கும். ஆனால் அதை யாராவது அணைத்திருக்கலாம். எல்டிஐடி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயர்கள் மாறியிருந்தாலும் அந்தத் திருத்தம் நடக்காது.

இதைக் கண்டுபிடிக்க வெளியாள் தேவையில்லை, பகலில் வேலை எதுவும் ஓடாத நேரத்தில் நீங்களே செய்யலாம். இரண்டு டிரைவையும் முதலில் டவுன் ஆக்கிவிட்டு, நெட்பேக்கப்போடு வரும் 'ரோப்டெஸ்ட்' என்ற கருவியைத் திறந்து ரோபாட்டைத் தேர்ந்தெடுங்கள். 'எஸ் டி' என்று அடித்தால் டிரைவுகளின் நிலை தெரியும், 'எஸ் எஸ்' என்றால் ஸ்லாட்டுகள். மூன்றாவது ஸ்லாட்டில் காலி டேப் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'எம் எஸ்3 டி1' என்று கொடுத்தால் கை அதை எடுத்து முதல் டிரைவில் வைக்கும். அப்புறம் இன்னொரு திரையில் 'எம்டி' கட்டளையால் என்எஸ்டி0-வின் நிலையைக் கேளுங்கள், அடுத்து என்எஸ்டி1-ஐக் கேளுங்கள். டேப் உள்ள டிரைவ் 'ஆன்லைன்' என்று பதில் சொல்லும், காலியானது 'டிஆர் ஓப்பன்' என்று சொல்லும். முதல் டிரைவில் போட்ட டேப்புக்கு மென்பொருளின் குறிப்பில் உள்ள பெயரே ஆன்லைன் சொன்னால் பாதை சரி. மற்றது சொன்னால் உங்கள் குற்றவாளி கிடைத்துவிட்டது. 'அன்லோட் டி1' கொடுத்து, 'எம் டி1 எஸ்3' என்று டேப்பைத் திருப்பி வைத்து, 'க்யூ' அடித்து வெளியே வந்துவிடுங்கள். வெளியே வருவது ரொம்ப முக்கியம். ரோப்டெஸ்ட் திறந்திருக்கும்வரை ரோபாட் அதன் கையில் இருக்கும், அதை மறந்து வீட்டுக்குப் போனால் இரவு எந்த வேலையும் டேப் ஏறாமல் தொங்கும்.

ரோப்டெஸ்ட்டில் கை வைக்கத் தயக்கமாக இருந்தால் 'ஸ்கேன்' என்ற கட்டளையும் இதே உண்மையைச் சொல்லும். ரோபாட் தன் ஒவ்வொரு டிரைவின் சீரியல் எண்ணையும் சொல்லும், டிரைவும் தன் பாதை வழியே தன் சீரியல் எண்ணைச் சொல்லும். இரண்டையும், நெட்பேக்கப்பின் சாதனப் பதிவைக் காட்டும் 'டிபிகான்ஃபிக்' கட்டளையின் பட்டியலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பாதை புரண்டிருந்தால் சாதன அமைப்பு வழிகாட்டியை மறுபடி ஓடவிட்டு எல்டிஐடியைத் தொடங்கிவிட்டால் அன்றிரவே வித்தியாசம் தெரிந்துவிடும்.

பாதை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஃபைபர் ஸ்விட்ச். கார்டு மாறினால் அதன் உலகப் பெயர் எண் (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய தனி அடையாள எண்) மாறும், ஆகவே ஸ்விட்சில் ஜோனிங்கை, அதாவது எது எதைப் பார்க்கலாம் என்ற பிரிவினையை, யாரோ திருத்தியிருக்க வேண்டும். அவசரத்தில் டேப்பையும் டிஸ்க்கையும் ஒரே ஜோனில், ஒரே கார்டு போர்ட்டில் போட்டுவிடுவது சகஜம். டிஸ்க் பக்கம் வரும் சின்ன ரீசெட்டை டிஸ்க் தாங்கிக்கொள்ளும், ஓடிக்கொண்டிருக்கும் டேப் தாங்காது. டேப் டிரைவைப் பார்க்க வேண்டாத சர்வருக்கும் ஜோன் திறந்திருந்தால், அதில் ஓடும் கண்காணிப்பு மென்பொருள் அவ்வப்போது டிரைவைத் தட்டிப் பார்க்கும், பெண்ட் நிலையும் 86-ம் அப்படித்தான் பெரும்பாலும் வருகின்றன. ஒரு சர்வர் கார்டு போர்ட், அதற்குரிய டிரைவுகள், அவ்வளவுதான் ஒரு ஜோனில் இருக்க வேண்டும். ஸ்விட்ச் போர்ட்டின் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள். பூஜ்யமாக்கிவிட்டு ஓர் இரவு கழித்துப் பார்த்தால் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று தெரியும். ஏறியிருந்தால் ஃபைபர் கேபிளின் முனையைத் துடைத்துச் செருகிப் பாருங்கள், அப்புறம் கேபிளையே மாற்றிப் பாருங்கள். டிரைவின் விலையோடு பார்த்தால் கேபிள் ஒன்றுமே இல்லை.

டிரைவே தன்னைப் பற்றிச் சொல்வதை இப்போது கேட்கலாம். எல்டிஓ டிரைவுகள் 'டேப் அலர்ட்' என்ற முறையில் 64 கொடிகள் மூலம் தங்கள் நிலையைச் சொல்கின்றன. 20-வது கொடி 'இப்போதே சுத்தம் செய்' என்பது. 4-வது டேப்பைக் குறை சொல்வது, 22-வது சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது என்பது. 30, 31 இரண்டும் டிரைவின் வன்பொருளையே குறிப்பவை. இவை லைப்ரரியின் வலைப்பக்கத்திலும் நெட்பேக்கப்பின் எர்ரர்ஸ் கோப்பிலும் பதிவாகும். 30-ஓ 31-ஓ ஒரே டிரைவில் திரும்பத் திரும்ப வந்திருந்தால், சர்வீஸ்காரர் சொன்னது சரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 20 மட்டும் வந்திருந்தால் முதலில் சுத்தம் செய்யுங்கள்.

சுத்தம் என்றதும் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எவ்வளவு புழுதியை அள்ளிக்கொண்டு வரும் என்று கஞ்சிக்கோட்டிலும் வாளையாரிலும் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். சர்வர் அறையின் கதவு ஆலைத் தளத்தை நோக்கித் திறந்தால் அந்தப் புழுதி டிரைவ் வரைக்கும் போகும். அதற்காக வாரம் ஒரு முறை சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடாதீர்கள். சுத்தம் செய்யும் டேப் தலையைத் தேய்க்கக்கூடியது, டிரைவ் கேட்கும்போது மட்டும் போட்டால் போதும். ஒரு கார்ட்ரிட்ஜ் அதிகபட்சம் 50 முறை வரும். புதிதாகப் போடும்போது நெட்பேக்கப்பில் அந்த எண்ணிக்கையையும் மாற்ற வேண்டும், பழைய பூஜ்யமே இருந்தால் மென்பொருள் அதைத் தொடவே தொடாது. லைப்ரரியின் தானியங்கிச் சுத்தம், நெட்பேக்கப்பின் சுத்தம் இரண்டில் ஒன்றை மட்டும் இயக்கத்தில் வையுங்கள்.

பழைய டேப்கள் உள்ளே கலந்திருக்கின்றனவா என்றும் ஒரு பார்வை பாருங்கள். எல்டிஓ-7 டிரைவ் 5, 6, 7 மூன்று தலைமுறைகளையும் படிக்கும், ஆனால் எழுதுவது 6-லும் 7-லும் மட்டும்தான். எழுதுவதற்கான குவியலில் 5-ம் தலைமுறை டேப் ஒன்று புகுந்திருந்தால், அதில் எழுதப் போகும் ஒவ்வொரு முறையும் பிழைதான், அதுவும் டிரைவின் கணக்கில் ஏறக்கூடும். பார்கோடின் கடைசி இரண்டு எழுத்துகளில் தலைமுறை தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரே டிரைவ்தான் அடிபடுகிறது என்றால், பேக்கப் மென்பொருளை நடுவிலிருந்து விலக்கிவிட்டுச் சோதியுங்கள். ஐபிஎம் டிரைவாக இருந்தால் ஐடிடிடி, எச்பிஇ என்றால் லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ் என்று அந்தந்த நிறுவனமே கருவி கொடுக்கிறது. புதிய காலி டேப் ஒன்றைப் போட்டு எழுதிப் படிக்கும் சோதனையை ஓடவிடுங்கள், அதில் உள்ளது அழிந்துவிடும் என்பதால் காலி டேப்தானா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நெட்பேக்கப் இல்லாமலும், கேபிளை மாற்றிய பிறகும், புது டேப்பிலும் அதே டிரைவ் தோற்றால் தைரியமாக மாற்றச் சொல்லுங்கள், அந்த அறிக்கையையே மேலாளரிடம் காட்டலாம். மாற்றும்போது பழைய டிரைவின் சீரியல் எண் நெட்பேக்கப்பின் பதிவில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். புது டிரைவின் எண்ணை அதில் ஏற்றாவிட்டால் நல்ல டிரைவும் வேலைக்கு வராது, பழியும் மறுபடி டிரைவ் மேலேயே விழும்.

இங்கிருந்து என்னால் எவ்வளவு சொல்ல முடியும் என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். ஏவிஆர் வந்த நாளுக்கு ரோபாட் தொடர்புதான் காரணம் என்பது உறுதி. கார்டு மாற்றிய அன்றே தொடங்கி, சில நாள் இரண்டு டிரைவும் விழுகின்றன என்பதால் பாதையிலோ ஸ்விட்சிலோதான் கோளாறு என்பது என் பலமான ஊகம். எர்ரர்ஸ் கோப்பைப் பார்க்காமல் அதற்கு மேல் போக முடியாது. ஒரு டிரைவ் உண்மையிலேயே தேய்ந்திருந்து, கார்டு மாற்றமும் அதே சமயத்தில் நடந்ததால் இரண்டும் குழம்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, எனக்கு இதில்தான் அதிகக் கவலை. இந்த நாட்களில் 'முடிந்தது' என்று பச்சையாகக் காட்டிய வேலைகள் எந்தெந்த டேப்பில் எழுதின என்று பட்டியல் எடுங்கள். நெட்பேக்கப்பின் சரிபார்ப்பு வேலையை அவற்றின் மேல் ஓடவிட்டு, ஆலைக்கு உயிர்நாடியான தரவுத்தளம் ஒன்றையாவது வேறு இடத்தில் ரெஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். உறைந்த டேப்களைக் காரணம் தெரியும்வரை அப்படியே விட்டுவையுங்கள். தவறான டேப் என்ற பிழையால் உறைந்தவற்றை, பாதையைச் சரிசெய்த பிறகு விடுவிக்கலாம். எழுதும் பிழையால் உறைந்தவற்றை நல்ல டிரைவில் ஒரு முறை சோதிக்காமல் விடுவிக்க வேண்டாம். எர்ரர்ஸ் கோப்பின் கடைசி நாற்பது ஐம்பது வரிகளையும், ஸ்கேன், டிபிகான்ஃபிக் இரண்டின் வெளியீட்டையும் இங்கே போடுங்கள், சர்வர் பெயர்களை அழித்துவிட்டுப் போட்டால் போதும். வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.